கடையின் பின்ஓட்டையில் மிட்டாய் வாங்கிய குரல்கள்

மிட்டாய் விற்பது சுலபம். வாங்குவதுதான் கஷ்டமான தொழில். விற்கிறவர் உட்கார்ந்த இடத்திலேயே இருக்கலாம். வாங்குகிறவர் காசுக்குப் பதிலாகக் கொடுக்க நெல் தேட வேண்டும், வெயிலில் நிற்க வேண்டும், உருகிப்போன ஆரஞ்சு மிட்டாயைக் காகிதத்தோடு சேர்த்துத் தின்ன வேண்டும், பிறகு வீட்டில் நாக்கை நீட்டிக் காட்டி அடியும் வாங்க வேண்டும். நீங்களும் இந்தத் தொழிலில் இருந்தவர்கள்தான். கமர்கட்டு மேல்வாயில் ஒட்டிக்கொண்டிருக்கிற நேரமாகப் பார்த்து வாத்தியார் எழுப்பிக் கேள்வி கேட்டது உங்களுக்கும் நடந்திருக்கும். ஆகையால் நம் கஷ்டத்தை நமக்குள்ளே விளக்க வேண்டியதில்லை.

இந்தக் கதையில் ஒரு பெரிய சிரிப்பு இருக்கிறது. எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சைக்குப் படிக்க உட்காரும்போது அது ஞாபகம் வந்துவிட்டால் அன்றைக்குப் படிப்பு அவ்வளவுதான். ஆனால் அதை இப்போது சொல்லப் போவதில்லை. வாயில் போட்டதும் கடித்து விழுங்குகிறவர்களுக்கு மிட்டாய்த் தொழில் சரிப்படாது. கன்னத்தில் ஒதுக்கி வைத்துக்கொண்டு வாருங்கள்.

ஓட்டை

திருத்துறைப்பூண்டிக்குக் கிழக்கே எங்கள் ஊர். ஊருக்கு ஒரே கடை, ரத்தினம் கடை. பெரிய தெருவுக்கும் வாய்க்கால் கரைக்கும் நடுவில் ஒரு கீற்றுக் கொட்டகை. முன்பக்கம் பெரிய தெருக்காரர்களுக்கு. அங்கே உட்காரப் பெஞ்சு உண்டு. பின்பக்கம், கரையைப் பார்த்த கீற்றுச் சுவரில், ஒரு கை நுழைகிற அளவுக்கு ஓட்டை. அது கீழத்தெருக்காரர்களான எங்களுக்கு. முன்பக்கம் யார் வேண்டுமானாலும் போகலாம் என்று சர்க்கார் சொல்லிவிட்டது. மேடை போட்டும் சொன்னார்கள். மேடையைப் பிரித்து எடுத்துக்கொண்டு போன மறுநாள் பார்த்தால் பெஞ்சில் பண்ணை ஆட்கள்தான் உட்கார்ந்திருந்தார்கள். நாங்கள் பழையபடி ஓட்டைக்கே வந்தோம்.

ரத்தினம் எந்நேரமும் முன்பக்கம் பார்த்தே உட்கார்ந்திருப்பார். பின்னால் குரல் கேட்டால் கையை மட்டும் பின்னுக்கு நீட்டுவார். அந்தக் கையில் நெல்லைக் கொட்ட வேண்டும். கை உள்ளே போகும், மிட்டாயோடு திரும்பி வரும். முகம் பார்க்கிற வேலையே இல்லை. குரலை வைத்துத்தான் ஆள் யார் என்று அவருக்குத் தெரியும். குரலை வைத்துத்தான் மிட்டாயும். பிள்ளைகள் குரலுக்கு அடித்தட்டு பாட்டிலில் ஒட்டிக் கிடக்கிற பழசு. பெரியவர்கள் குரலுக்கு மேல்தட்டு பாட்டிலில் இருக்கிற புதுசு. நெல் என்னவோ இரண்டுக்கும் ஒரே அளவுதான்.

எங்களைப் பார்க்க வேண்டாம் என்று வைத்த ஓட்டை அது. பார்க்காததால்தான் நான் பிழைத்தேன். என் பெயர் எஸ்தர். எஸ்தர் நடக்கிறதுக்கு முன்னாலேயே ஆட்டுக்குட்டி மாதிரி கத்தினாள், ஆடு ஓடிவந்து பார்த்தது என்று அம்மா சொல்லுவாள். அப்படிப்பட்டவளிடம் குரலை மட்டும் நம்பி ஒரு கடை நடத்தினால் என்ன ஆகும்? முதன்முதலாக நான் ஓட்டைக்குப் போன அன்று மிளகாய்க்காக எனக்குப் பின்னால் நின்ற எங்கள் தெருப் பவுனம்மாள் என் தோளை இடித்துக்கொண்டு சொன்னது: "இத்தனை வருஷமா கையை மட்டுந்தான் பார்க்கறேன், இந்த மனுஷனுக்கு மூஞ்சி இருக்கா இல்லையாடி?"

எலி நெல்

அறுவடை முடிந்த வயலில் கதிர் பொறுக்குவது எங்கள் தெருப் பிள்ளைகளின் உரிமை. அதைவிட லாபமானது எலி வளை. வரப்பில் வளையைக் கண்டுபிடித்துக் களைக்கொட்டால் தோண்டினால் உள்ளே எலி சேர்த்து வைத்த கதிர் அழகாக அடுக்கி இருக்கும். நானும் என் தம்பி தானியேலும் அதில் கெட்டிக்காரர்கள். அவன் வளையைக் கண்டுபிடிப்பான், நான் தோண்டுவேன், எலி ஓடினால் இரண்டு பேரும் சேர்ந்து ஓடுவோம்.

எலி நெல்லில் ஒரு வாடை வரும். உமியைத் தேய்த்துப் பார்த்தோம், வெயிலில் காயப் போட்டுப் பார்த்தோம், போகவில்லை. ஓட்டையில் கொட்டியதும் ரத்தினத்தின் கை உள்ளே போனது, மூக்கருகே நின்றது, அப்படியே திரும்பி வந்து நெல்லை என் பாவாடையிலேயே கொட்டியது. "இது எலி சேர்த்த நெல்லுல்ல? மிட்டாய் வேணும்னா எலியை வரச் சொல்லு."

மறுநாள் போனேன். ஓட்டையில் வாயை வைத்துக் கீச்சென்றேன். வளைக்குள்ளே குட்டிகள் கத்துமே, அந்த மாதிரி பொடிக் குரலிலும் கொஞ்சம் சேர்த்தேன். பிறகு கை வந்தது, பல்லி மிட்டாய் நிறைய. கூடவே குரலும் வந்தது: "இந்தா, உன் வளையில இருக்கிற குட்டிங்களுக்கும் சேர்த்து எடுத்துட்டுப் போ."

உபதேசியாரின் தேன் மிட்டாய்

எங்கள் கோயிலில் பிரசங்கம் செய்கிறவர் சாமுவேல் உபதேசியார். ஒவ்வொரு சொல்லையும் தொட்டிலில் போடுகிற மாதிரி மெதுவாகப் போடுவார். வாக்கியத்தின் கடைசியில் ஒரு இழுப்பு. அந்த இழுப்பைப் பிடிக்க எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போதுமாக இருந்தது. ஓட்டையில் வாயை வைத்து, "ரத்தினம், நல்லாயிருக்கீங்களாஆ? தேன் மிட்டாய் கொஞ்சம் வேணுமேஏ" என்றதும் மேல்தட்டு பாட்டில் மூடி திறக்கிற சத்தம் கேட்டது. புதுத் தேன் மிட்டாயைக் கடித்தால் உள்ளே இருக்கிற பாகு முழங்கை வரைக்கும் வழியும். அடித்தட்டு மிட்டாய் மட்டுமே தின்று வளர்ந்த உங்களுக்கு இதைச் சொல்லிப் பொறாமைப்படுத்தக் கூடாது.

நான் பாட்டுக்கு உபதேசியாராக இருந்துகொண்டிருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் முடிந்து ஜெபத்துக்கு முன்னால் அவர் புத்தகத்தை மூடி வைத்தார். கண்ணாடியைத் துடைத்தார். பெண்கள் பக்கம் பார்த்தார், பிறகு பிள்ளைகள் பக்கம். என் தலை தானாகக் குனிந்தது. அவர் சொன்னார்: "நம்ம சபையில யாரோ என் குரல்ல தேன் மிட்டாய் தின்றாங்க. தின்னட்டும். எனக்குச் சர்க்கரை வியாதி இருக்கிறதை மட்டும் ஞாபகம் வைக்கட்டும், ரத்தினம் என்னை வழியில பார்க்கறப்பல்லாம் புத்தி சொல்றாரு."

மேடைக் குரல்

சிரிப்பு எங்கே என்று தேடுகிறீர்கள். இன்னும் கரையவில்லை, பொறுங்கள்.

உபதேசியாரை விட்ட பிறகு எனக்கு ஒரு நல்ல குரல் தேவைப்பட்டது. அந்தச் சமயம் தேர்தல். கறுப்பு சிவப்புக் கொடி கட்டிய கார் வந்து பள்ளிக்கூட மைதானத்தில் மேடை போட்டார்கள். பேசினவர் தொண்டையில் கல் உருளுகிற மாதிரி ஒரு குரல் வைத்திருந்தார். எல்லாச் சொல்லையும் ஒரே எழுத்தில் ஆரம்பித்து அடுக்கிக்கொண்டே போனார். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ரத்தினம் கடையை மறந்து வாயைத் திறந்து கேட்டுக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். சரி, இதுதான் குரல் என்று முடிவு செய்தேன்.

ஓட்டைக்குப் போய்த் தொண்டையைக் கனைத்துக்கொண்டேன். "கரும்பினும் இனிய கடைக்காரரே, காலையிலிருந்து கால்கடுக்கக் காத்துக் கிடக்கும் கன்னங்கள் இரண்டுக்கும் கமர்கட்டு கொடுத்துக் காத்திட மாட்டீரா" என்று அடுக்கினேன். தானியேல் கூட்டம் மாதிரி கைதட்டினான். உள்ளேயிருந்தும் கைதட்டல் வந்தது. முன்பெஞ்சில் இருந்தவர்களும் சிரித்தார்கள். கைக்காகக் காத்திருந்தேன். கை வரவில்லை, குரல்தான் வந்தது: "பேச்சு நல்லா இருக்கு தம்பி. ஆனா மேடைக்காரங்களுக்கு நான் கைதட்டுறதோட சரி, கமர்கட்டு குடுக்கறதில்ல."

சாக்கு அடைத்த தை மாதம்

இனி கொஞ்ச தூரம் சிரிப்பில்லாத வழி. அதைத் தாண்டாமல் அந்தப் பக்கம் போக முடியாது.

அந்த வருஷம் தை அறுவடைக்கு எங்கள் தெரு வயலில் இறங்கவில்லை. கூலி நெல் கூட்டிக் கொடுத்தால்தான் அரிவாளை எடுப்போம் என்று செங்கொடி நட்டுவிட்டார்கள். டவுனில் குடியிருந்த பண்ணையார் முடியாது என்று சொல்லியனுப்பினார். கதிர் தலை சாய்ந்து நின்றது. வெளியூர் ஆட்கள் லாரியில் வந்தார்கள், மதகடியில் எங்கள் தெருப் பெண்கள் போய் உட்கார்ந்ததும் லாரி திரும்பிப் போனது. புளியமரத்தடியில் போலீஸ் வேன் நின்றது. நான் போலீஸ்காரர் குரலைப் பழகலாம் என்று போனேன். அம்மா காதைப் பிடித்து இழுத்து வந்தாள்.

பண்ணைக்கு ஏஜெண்டு தண்டபாணி. வயல், கூலி, குடியிருக்கிற மனை எல்லாம் அவர் வாயில் இருந்தது. கரைமேல் சைக்கிளில் போவார். கடைக்கு நேராக வந்ததும் இறங்காமல், ஒரு காலை மட்டும் ஊன்றி, கீற்றுச் சுவரைப் பார்த்தே உத்தரவு போட்டுவிட்டுப் போவார். அன்றைக்கும் அப்படித்தான். "இந்தா பாரு ரத்தினம், அந்த ஓட்டையை அடை. உப்பு, மிளகாய், மண்ணெண்ணெய் எதுவும் கீழத்தெருவுக்குப் போகக் கூடாது. வயல்ல இறங்குற அன்னைக்குத் திறந்துக்க. கடை நிக்கிறது யார் மனைன்னு தெரியுமில்ல? என்ன?" அந்த "என்ன" கேள்வி அல்ல. முளைக்குச்சி அடிக்கிற சத்தம். ரத்தினம் ஓட்டையில் சாக்கைச் சுருட்டி அடைத்தார்.

அடுத்த கடை டவுனில். அங்கே போகிற ரோட்டில் பண்ணை ஆட்கள் நின்றார்கள். உப்பில்லாத நத்தையை நீங்கள் சாப்பிட்டிருக்கிறீர்களா? சாப்பிட வேண்டாம். விளக்கு சீக்கிரமே அணைந்தது. கூடிப் பேசுகிற இடத்தில் சத்தம் குறைந்துகொண்டே வந்தது. இறங்கிவிடலாம் என்று சிலர் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். அப்பா கொடியை நட்டவர்களில் ஒருத்தர். அன்று கூட்டத்திலிருந்து வந்து கை கழுவிக்கொண்டே அம்மாவிடம் சொன்னார்: "வயிறு இன்னும் எத்தனை நாளைக்கு நம்ம கட்சியில இருக்கும்னு தெரியலை."

பொடி போட்ட குரல்

தண்டபாணி குரலைப் பிடிப்பதில் ஒரு சூட்சுமம். குரலில் ஆரம்பிக்கக் கூடாது, மூக்கில் ஆரம்பிக்க வேண்டும். அவர் மூக்குப்பொடியை உறிஞ்சுகிற சத்தம் ஒன்று. பிறகு சும்மா இருக்க வேண்டும். அந்த இடைவெளியில்தான் கேட்கிறவனுக்குப் பயம் வரும். பிறகு "இந்தா பாரு". மற்றதெல்லாம் மூக்கு வழியாகவே வந்துவிடும். வாய்க்கால் துறையில் இறங்கி நின்று பழகினேன். தவளைகள் பேச்சை நிறுத்தியதும் சரியாக வந்துவிட்டது என்று தெரிந்துகொண்டேன்.

யோசித்துப் பார்த்தால், ரத்தினத்துக்கு ஏஜெண்டும் எங்களைப் போலத்தான். பின்னாலிருந்து வருகிற குரல். சாயங்காலம் தானியேல் நாக்காலேயே சைக்கிள் மணி அடித்தான். நான் உறிஞ்சினேன். காத்திருந்தேன். "இந்தா பாரு ரத்தினம், சாக்கை எடு. பட்டினி கிடந்தவன் நாளைக்கு வயல்ல இறங்கினா அருவா தூக்குவானா? கதிரைப் பிடிச்சுக்கிட்டு நிப்பான். கேக்கறதைக் குடு. என்ன?" ரத்தினம், "நெசமாத்தானுங்களா? திறந்துடட்டுங்களா?" என்றார். நான் பதில் சொல்லவில்லை. தண்டபாணி ஒரு தடவைக்கு மேல் சொல்ல மாட்டார். தானியேல் மறுபடி மணி அடித்தான், சைக்கிள் போய்விட்டது.

சாக்கு உருவப்பட்டது. அன்றே தெரு முழுக்கச் செய்தி போய்விட்டது. நெல் இல்லாத வீடு வாத்து முட்டை கொண்டுவந்தது, வாய்க்கால் மீன் கொண்டுவந்தது, கோரைப்பாய் கொண்டுவந்தது. உப்பும் மிளகாயும் மண்ணெண்ணெயும் ஓட்டை வழியே வந்தன. கூடிப் பேசுகிற இடத்தில் மறுபடி சத்தம் கேட்டது. எனக்குத்தான் சத்தம் போய்விட்டது. உண்மையான தண்டபாணிக்குத் தெரிந்தால் முதலில் இடிபடுவது ரத்தினத்தின் கொட்டகை. அவருக்கு அதைத் தவிர வேறு பிழைப்பில்லை. அந்தக் கடை இப்போது பண்ணை மனையில் நிற்கவில்லை, என் நாக்கில் நின்றது. அந்த மனுஷனுக்கோ அது தெரியாது. தைரியமாக உட்கார்ந்து பவுனம்மாளுக்கு உப்பை அளந்துகொண்டே சொன்னார்: "ஏஜெண்டு ஐயாவுக்கும் மனசுன்னு ஒண்ணு இருக்கும்மா, என்ன, அது பின்பக்கமா வருது."

உத்தரவு

ரத்தினம் பயந்த சுபாவம். ஒரு உத்தரவு அவருக்குக் கொஞ்ச நாள்தான் தாங்கும். பிறகு உப்புப் படி குறையும். அப்போது நான் போய்ப் புது உத்தரவு போட்டுவிட்டு வருவேன். அப்படித்தான் அன்றைக்கும் போனேன்.

அன்று ஏஜெண்டு சைக்கிள் பஞ்சர். கரை வழியாக வராமல் வரப்பில் நடந்து, முன்பக்கமாக வந்து, பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். கரையைப் பார்த்துக் காவல் நின்ற தானியேலுக்கு அது தெரியாது. எனக்கும் தெரியாது. உள்ளே நடந்த பேச்சு ரத்தினம் பிற்பாடு சொன்னதுதான்.

"ஓட்டை திறந்திருக்குன்னு கேள்விப்பட்டேனே?"

"நீங்கதானுங்களே திறக்கச் சொன்னீங்க, கரையில நின்னு."

"நானா? நான் எப்படா சொன்னேன்? யார் மனையில உட்கார்ந்துக்கிட்டு யார்கிட்ட கதை அளக்கிறே? நாளைக்குக் காலையில கீற்றைப் பிரிக்க ஆள் அனுப்பறேன்."

அந்த நேரமாகப் பார்த்துத் தானியேல் மணி அடித்தான். நான் உறிஞ்சினேன், இடைவெளி விட்டேன். "இந்தா பாரு ரத்தினம், இன்னைக்கும் குடுத்துடு. தெரு பட்டினி கிடந்தா கதிர் கொட்டிப்போவும். என்ன?"

வழக்கமாக ரத்தினம் "சரிங்க" என்பார். அன்று வந்தது வேறு குரல். நான் அதுவரை கேட்டிராத மெல்லிய, பணிந்த, தேய்ந்த குரல். "உத்தரவுங்க. ஐயா எப்ப வந்தீங்க? சொல்லி அனுப்பியிருந்தா வண்டியோட நின்னிருப்பேனே."

கீற்று இடுக்கில் கண்ணை வைத்தேன். பெஞ்சிலிருந்து எழுந்து நின்றிருந்தார் ஏஜெண்டு தண்டபாணி. தோளில் கிடந்த துண்டு இடுப்புக்கு இறங்கியிருந்தது. ஓட்டையைப் பார்த்துப் பாதி குனிந்து கைகட்டி நின்றார்.

யாருக்கும் தன் குரல் வெளியில் எப்படிக் கேட்கும் என்று தெரியாது. அது உங்களுக்கும் தெரியாது. தண்டபாணி காலமெல்லாம் பண்ணையார் எதிரில் நின்றவர். மூக்குப்பொடி, "இந்தா பாரு", "என்ன", அத்தனையும் பண்ணையாருடைய சரக்கு. நான் தண்டபாணியைப் பிடித்தேன் என்று பெருமையாக இருந்தேன், அவர் எனக்கு முன்னாலேயே பண்ணையாரைப் பிடித்திருக்கிறார். ஊரில் குரல் மாற்றுகிறவள் நான் ஒருத்திதான் என்று நினைத்திருந்தேன். இங்கே ஒருத்தர் அதே வேலைக்குச் சம்பளமே வாங்கிக்கொண்டிருந்தார்.

தானியேல் என் பாவாடையைப் பிடித்து இழுத்தான், ஓடலாம் என்று. ஓடினால் காலையில் கீற்றைப் பிரிக்க ஆள் வந்துவிடும். நான் மறுபடி உறிஞ்சினேன்.

"தண்டபாணி, கடையில உனக்கு என்ன வேலை?"

"இல்லீங்க, சும்மா, ஓட்டை விஷயமா..."

"ஓட்டையை அடைக்கச் சொன்னது யாரு?"

"நான்தானுங்க. ஐயாவுக்கு அனுகூலமா இருக்கும்னு..."

"அது திறந்தே கிடக்கட்டும். ரத்தினம் கீற்றுல ஒரு ஓலை அசையக் கூடாது. போய் வயலைப் பாரு. என்ன?"

"சரிங்க. இதோ போயிட்டேங்க." செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டார். ரத்தினத்தின் காதருகே குனிந்து, "ஐயா கோபத்துல இருக்காங்க. அவங்க சொன்னபடியே செய்துடு, நான் அப்பவே வயலுக்குப் போயிட்டேன்னு சொல்லு" என்றார். கரைப்பக்கம் தலை காட்டாமல், வந்த வரப்பிலேயே வெறுங்காலோடு வேகவேகமாகப் போனார்.

ரத்தினம் காலியான பெஞ்சைப் பார்த்தார். ஓட்டையைப் பார்த்தார். மறுபடி பெஞ்சைப் பார்த்தார். ஒரே குரல் உத்தரவு போட்டதையும், அந்தக் குரலுக்குச் சொந்தக்காரர் எதிரே நின்று அதற்கே கைகட்டியதையும் அவர் ஒரே சமயத்தில் கண்டிருக்கிறார். அவர் முதுகு சிரிப்பில் குலுங்க ஆரம்பித்தது. கை மேல்தட்டு பாட்டிலுக்குப் போனது, மூடியைத் திருகியது. முன்பக்கம் பார்த்தபடியே, மிகவும் மரியாதையாக, அவர் கேட்டார்: "பண்ணையார் ஐயாவுக்குக் கமர்கட்டுங்களா, தேன் மிட்டாய்ங்களா?"

ஆக, மிட்டாய் வாங்கும் தொழிலில் நான் கண்டது, குரல் மட்டும் பெரிய இடத்துக் குரலாக இருந்துவிட்டால் கமர்கட்டுகூட ஒரு "ங்க" போட்டுக்கொண்டுதான் வரும்.